வெளியாள் உதவி கூடாது

மார்க்கையன்கோட்டைக்கு வந்து ராஜபாண்டி வீடு எது என்று கேட்டால் நாலு பேர் நாலு திசையைக் காட்டுவார்கள். ஓடைப்பட்டி சுருளியாண்டி மருமகன் வீடு என்று கேளுங்கள், கையோடு கூட்டிக்கொண்டு போய் வாசலில் விட்டு, அங்கேயே ஒரு செம்புத் தண்ணீரும் வாங்கிக் குடித்துவிட்டுத்தான் திரும்புவார்கள். முப்பத்தேழு வயது ஆளுக்கு இதெல்லாம் ஒரு குறையா என்று தோன்றலாம். அப்படித் தோன்றுகிறவர்களுக்குச் சொந்தப் பெயரில் ஏதாவது ஒன்று இருக்கும்.

ராஜபாண்டிக்கு விவரம் தெரிவதற்கு முன்பே அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். அதற்குப் பிறகு எல்லாமே தாய்மாமன் சுருளியாண்டிதான். படிக்க வைத்தவர் அவர். சின்னமனூரில் உரக்கடை வைத்திருந்தவரிடம் ஒரு வார்த்தை சொல்லி, பில் போடுகிற வேலையை வாங்கிக் கொடுத்தவர் அவர். தன் மகள் நாகஜோதியைக் கட்டிக் கொடுத்து, வீடு கட்ட இடமும் பார்த்துக் கொடுத்தார். வீட்டுக்கு என்ன நிறத்தில் பெயிண்ட் அடிப்பது என்று ராஜபாண்டி யோசித்துக்கொண்டிருந்தபோது பெயிண்ட் டப்பாக்கள் வந்து இறங்கின. பிள்ளைக்குப் பெயரும் அவர்தான் வைத்தார். அது நல்ல பெயராகவும் இருந்து தொலைத்தது.

மனிதர் கெட்டவராக இருந்திருந்தால் ஒரு சண்டை போட்டுத் தனியாகப் போயிருக்கலாம். சுருளியாண்டி சொக்கத் தங்கம். செய்ததைச் சொல்லிக் காட்டுகிற பழக்கம் அவருக்குக் கிடையாது. கல்யாணத்துக்கு முந்தின நாள் வரைக்கும் "ஏலே பாண்டி" என்று கூப்பிட்டவர், தாலி ஏறிய மறு நிமிடத்திலிருந்து "மாப்ள, வாங்க" என்றுதான் கூப்பிடுகிறார். இப்படிப்பட்டவர் மேல் கோபப்படுவதற்கு ஒரு காரணம் கிடைக்காமல் ராஜபாண்டி பல வருடமாகத் திண்டாடிக்கொண்டிருந்தான். யாரும் வாங்கிக் கொடுக்காத, யாரும் சொல்லி வைக்காத, தன் கைகாலால் மட்டும் கிடைத்த ஒன்று தனக்கு வேண்டும் என்று அவனுக்கு இருந்தது. அது என்ன என்றுதான் தெரியவில்லை.

அதைக் காட்டிக் கொடுத்தது சர்க்கரை. உத்தமபாளையத்தில் ரத்தம் பார்த்த டாக்டர், இன்னும் கொஞ்சம் ஏறினால் மாத்திரைதான், நடங்கள் என்றார். ராஜபாண்டி வாய்க்கால் கரையில் நடக்க ஆரம்பித்தான். ஒரு வாரத்துக்குள் ஆறு பேர் கூடச் சேர்ந்துகொண்டு, எந்த நிலம் எந்த விலைக்குப் போனது என்று பேசிக்கொண்டே வந்தார்கள். தனியாக நடக்கிற ஆளை விட்டுவிட்டுப் போவது நம் ஊர்களில் மரியாதைக் குறைவு. எரிச்சல் தாங்காமல், மச்சினன் கார்த்திக்ராஜ் பள்ளிக்கூடத்தில் படித்தபோது கிடைத்த இலவச சைக்கிளைத் தூசி தட்டி எடுத்தான். சைக்கிளில் போகிறவனோடு சேர்ந்து யாராலும் நடக்க முடியாதல்லவா.

விடியற்காலையில் சின்னமனூர் பைபாஸ் சாலையில், கேரளத்துத் தோட்ட வேலைக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்புகள் போய் முடிந்த பிறகு, அவன் பாட்டுக்கு மிதித்துக்கொண்டு போனான். அங்கேதான் ஒருநாள் கைப்பிடி வளைந்த, மெல்லிய டயர் போட்ட சைக்கிளில் ஒரு ஆள் அவனை முந்தினார். உத்தமபாளையத்தில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் ஆசாத். அவன் வயதுதான். ராஜபாண்டிக்கு என்ன தோன்றியதோ, அந்த இலவச சைக்கிளை உயிரைக் கொடுத்து மிதித்து, பாலம் வரும்வரை அவரை விடாமல் துரத்தினான். பாலத்தில் ஆசாத் நின்று இவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"இந்த வண்டியிலயா இம்புட்டுத் தூரம் தொரத்துனீங்க?"

"வேற வண்டி இல்ல பாய்."

"பந்தயத்துக்குப் போறதுண்டா?"

இல்லை என்றான் ராஜபாண்டி. அன்றைக்கு வேலையில் நாலு பில்லைத் தப்பாகப் போட்டான்.

இப்படி ஒரு உலகம் இருப்பது அவனுக்கு ஆசாத் சொல்லித்தான் தெரியும். ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கங்கே சைக்கிள் கிளப்காரர்கள் சாலைப் பந்தயம் நடத்துகிறார்கள். அதில் புதியவர்களுக்கென்று தனிப் பிரிவு உண்டு. லைசென்ஸ் தேவையில்லை, வயது தடையில்லை, சைக்கிள் விலை உயர்ந்ததாக இருக்க வேண்டியதுமில்லை. பிரேக் பிடிக்க வேண்டும், ஹெல்மெட் போட வேண்டும், அவ்வளவுதான். ஆசாத் தான் முன்பு ஓட்டிய பழைய சைக்கிளை அவனுக்குக் கையைக் கடிக்காத விலைக்குத் தந்தார். அந்தப் பணத்தை மாமாவிடம் கேட்காமல் கொடுத்ததே ராஜபாண்டிக்குப் பாதிப் பந்தயம் ஜெயித்த மாதிரி இருந்தது.

ஆனால் ஊர் விட வேண்டுமே. பைபாஸில் அவன் குனிந்து மிதித்துக்கொண்டு போனால் தெரிந்தவர்கள் பைக்கை மெதுவாக்கி, "பெட்ரோல் தீந்துருச்சா? பின்னாடி ஏறுங்க" என்பார்கள். வேண்டாம் என்றால், "அட, நமக்குள்ள என்ன" என்பார்கள். ஒருத்தர் தன் பைக்கில் உட்கார்ந்தபடியே இவன் முதுகில் கையை வைத்து அரைக் கிலோமீட்டர் தள்ளிக்கொண்டே வந்தார். கும்பிட்டுச் சொல்லியும் கையை எடுக்கவில்லை. "உங்க வீட்டுக்காரரு சைக்கிள்ல போறாரே, பைக்கை வித்துட்டாகளா?" என்று நாகஜோதிக்குப் போன் மேல் போன் வந்தது. அந்தச் செய்தி ஓடைப்பட்டிக்குப் போய்ச் சேர அரை நாள் கூட ஆகவில்லை.

சுருளியாண்டி வந்தார். திராட்சைப் பெட்டியோடுதான் வருவார், அன்றைக்கும் அப்படித்தான். எதையும் நேராகக் கேட்கவில்லை. மருமகன் வேலைக்குப் போன பிறகு, மூலையில் சாத்தி வைத்திருந்த சைக்கிளைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். சாயங்காலம் ராஜபாண்டி வீட்டுக்கு வந்தபோது அதற்குப் பின்னால் ஒரு கேரியர், நடுவில் ஒரு ஸ்டாண்டு, முன்னும் பின்னும் மட்கார்டு, கைப்பிடியில் பெரிய மணி எல்லாம் முளைத்திருந்தன. ஓடைப்பட்டியிலிருந்து சைக்கிள் கடைக்காரரைக் கையோடு கூட்டி வந்து மாட்ட வைத்திருக்கிறார்.

"ஒண்ணுமே இல்லாம மொட்டையா நின்னுச்சு மாப்ள. பாக்கவே மனசு கேக்கல."

அந்த சைக்கிளை வாங்கியதே அது மொட்டையாக இருக்கிறது என்பதற்காகத்தான். கனம் குறைய வேண்டும் என்று ஆசாத் பாட்டில் மாட்டுகிற கம்பியைக் கூடக் கழற்றித்தான் கொடுத்திருந்தார். இப்போது சைக்கிள் சட்டத்தில் கிளாம்பு இறுக்கிய இடமெல்லாம் கீறலாகக் கிடந்தது. ராஜபாண்டி அந்தக் கீறல்களை விரலால் தடவினான். "நல்லாருக்கு மாமா" என்றான். அப்படித்தான் அவன் பழகியிருந்தான். அவர் பஸ் ஏறிப் போனதும் ஸ்பேனரை எடுத்து ஒவ்வொன்றாகக் கழற்றினான். நாகஜோதி கதவோரம் நின்று பார்த்தாள்.

"எங்கப்பா ஆசையா செஞ்சாக."

"உங்கப்பா ஆசையா செஞ்சதுலதான் நான் முழுசா இருக்கேன். இது ஒண்ணையாவது விடு."

அவளுக்குப் புரியவில்லை. புரியும்படி அவனுக்கும் சொல்ல வரவில்லை. அதனால் பந்தயத்துக்குப் போகிறேன் என்று சொல்லி வைத்தான். அதுதான் அவன் செய்த பெரிய பிசகு.

பந்தயம் என்ற சொல் ஓடைப்பட்டிக்குப் போனதும் சுருளியாண்டிக்குப் பத்து வயது குறைந்துவிட்டது. அந்தக் காலத்தில் மாட்டுவண்டிப் பந்தயத்துக்கு மாடு கட்டியவர் அவர். நம் பக்கத்து மாட்டுவண்டிப் பந்தயத்தைப் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஓடுவது இரண்டு மாடுகள்தான் என்றாலும் பந்தயம் ஓடுவது ஊர். வண்டிக்கு முன்னாலும் பின்னாலும் முப்பது நாற்பது பைக் பறக்கும். ஒருவன் தண்ணீர் ஊற்றுவான், ஒருவன் வழி விலக்குவான், மீதிப் பேர் தொண்டை கிழியக் கத்துவார்கள். ஆள் இல்லாமல் ஒருத்தன் பந்தயத்துக்கு வந்தால் அவனுக்கு நாதியில்லை என்று அர்த்தம். தன் மருமகன் நாதியில்லாமல் போவதைச் சுருளியாண்டி பார்த்துக்கொண்டிருப்பாரா?

"என்னைக்கு மாப்ள? எங்கன?"

"அதெல்லாம் வேணாம் மாமா. சின்னப் பந்தயம். யாரும் வர வேணாம்."

ராஜபாண்டி சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. ஆனால் நம் வீடுகளில் 'வேண்டாம்' என்பதை யார் அப்படியே எடுத்துக்கொள்கிறார்கள்? இன்னும் கொஞ்சம் சோறு போடட்டுமா என்றாலும் வேண்டாம், பஸ் ஏற்றிவிட வரட்டுமா என்றாலும் வேண்டாம். வேண்டாம் என்றவனுக்கு உடனே செய்து கொடுப்பதுதான் உறவு. மாப்பிள்ளை எப்போதும் போலக் கூச்சப்படுகிறார் என்று சுருளியாண்டி எடுத்துக்கொண்டார். தேதியையும் இடத்தையும் மகளிடம் கேட்டு வாங்கிக்கொண்டார்.

பந்தயம் தேனிப் பக்கத்திலேயே அமைந்தது. வீரபாண்டி தாண்டி ஆரம்பித்து, சின்னமனூர் பைபாஸ் வழியாக உத்தமபாளையம் பைபாஸ் முனை வரை போய்த் திரும்ப வேண்டும். புதியவர்கள் பிரிவுக்கு ஐம்பது கிலோமீட்டர். நடத்தியவர்கள் வெளியூர் கிளப்காரர்கள். கம்பம் பள்ளத்தாக்கின் காற்றைப் பற்றித் தெரியாமல் ஆடி மாதத்தில் தேதி வைத்துவிட்டார்கள். விதிகளை போனுக்கு அனுப்பியிருந்தார்கள். அதில் ஒன்று, வெளியாள் உதவி கூடாது. ராஜபாண்டி அதைப் படித்தான். தனக்கு அதில் பிரச்சினை எதுவும் இல்லை என்று நினைத்தான்.

காற்றை எப்படிச் சமாளிப்பது என்று ஆசாத் முந்தின வாரம் சொல்லிக் கொடுத்திருந்தார். "கூட்டத்தோட ஒட்டிக்கங்க. முன்னாடி போறவன் காத்த வாங்குவான், பின்னாடி வர்றவனுக்குக் கால் மிச்சம். அப்புறம் நீங்க முன்னாடி போய் வாங்கணும். மாறி மாறி. தனியாப் போனீங்கன்னா செத்தீங்க."

கொடி அசைந்ததும் எல்லோரும் வெறி பிடித்தவர்கள் போலக் கிளம்பினார்கள். மேற்கே குமுளிப் பக்கத்திலிருந்து காற்று நேராக முகத்தில் அடித்தது. வெளியூர்ப் பையன்கள் ஒவ்வொருவராகப் பின்தங்கினார்கள். ராஜபாண்டிக்கோ இது தினமும் தின்கிற காற்று. முதல் கூட்டத்தில் எட்டுப் பேர், அவன் ஏழாவது. தன் முறை வந்தபோது முன்னால் போய்க் காற்றை வாங்கினான், பிறகு நழுவிப் பின்னால் வந்தான். பேர் தெரியாத ஒருவர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். அவன் சுருளியாண்டி மருமகன் என்று அவருக்குத் தெரியாது. ராஜபாண்டி பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். முதல் ஐந்து பேருக்குள் வந்துவிடலாம் என்று அவன் கணக்குப் போட்டபோது சின்னமனூர் பைபாஸ் வந்தது.

அந்தப் பக்கத்து வயல்காரர்கள் போய்வருகிற ஒரு மண்பாதை அங்கே பைபாஸில் வந்து ஏறுகிறது. வண்டிகளைத் தடுத்து நிறுத்த அதில் ஒரு தன்னார்வலரை நிறுத்தியிருந்தார்கள். அவர் ஓடைப்பட்டிக்காரராக இருந்தது விதி. 'நாங்க மாப்பிள்ளையோட ஆளுக' என்றதும் கயிற்றை அவிழ்த்துவிட்டார்.

புழுதியைக் கிளப்பிக்கொண்டு திராட்சை ஏற்றுகிற டாடா ஏஸ் முதலில் ஏறியது. அதற்குப் பின்னால் பத்துப் பன்னிரண்டு பைக்குகள். ஏஸை ஓட்டியவன் கார்த்திக்ராஜ். வண்டிக்குப் பின்னால் ஒட்டிப் போனால் காற்றுப் படாது என்று யூடியூபில் பார்த்துவிட்டு, திராட்சை போடுகிற பிளாஸ்டிக் பெட்டிகளை ஆள் உயரத்துக்கு மேல் அடுக்கி, அதன் மேல் தார்ப்பாயை இழுத்துக் கட்டி, ஒரு சுவரையே செய்து கொண்டு வந்திருந்தான். ஓரத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தலையில் துண்டோடு சுருளியாண்டி நின்றார்.

"விடாதீக மாப்ள, விடாதீக."

மாட்டை விரட்டுகிற அதே தொண்டைதான். மாப்பிள்ளை என்பதால் மரியாதை மட்டும் சேர்ந்திருந்தது.

ஏஸ் நேராக ராஜபாண்டிக்கு முன்னால் வந்தது. காற்று சட்டென்று நின்றது. கால் லேசாயிற்று. அந்த லேசுதான் அவனைக் கொதிக்க வைத்தது. இடது பக்கம் விலகினான். கண்ணாடியைப் பார்த்தபடியே ஓட்டிக்கொண்டிருந்த கார்த்திக்ராஜ் வண்டியையும் இடது பக்கம் விலக்கினான். வலது பக்கம் போனான். வண்டியும் வலது பக்கம் வந்தது. அவனோடு வந்த ஏழு பேரும் திட்டிக்கொண்டே ஒதுங்கி முன்னேறிப் போய்விட்டார்கள். பைக்கில் வந்த ஒருத்தன் ஒரு குடம் தண்ணீரை அவன் முதுகில் கவிழ்த்தான்.

"போங்க மாமா. போயிருங்க. வேணாம்."

"கூச்சப்படாதீக மாப்ள. எங்களுக்கு ஒரு சிரமமும் இல்ல."

விசில் ஊதிக்கொண்டு நடுவர் பைக்கில் வந்தார். மதுரைப் பக்கத்துப் பெண். "பதினேழாம் நம்பர், வண்டி உங்களோடதா? அடுத்த பாலத்துக்குள்ள அது விலகணும். இல்லைன்னா நீங்க விலகணும் சார்."

ராஜபாண்டி கையை ஆட்டினான், கும்பிட்டான், கத்தினான். அவன் கும்பிடக் கும்பிட மாமா கண் கலங்கிப் பதிலுக்குக் கும்பிட்டார். பாலம் வந்தது. நடுவர் கையைக் குறுக்கே நீட்டினார். அவன் இறங்கினான்.

பைக்குகள் சுற்றி நின்றன. யாரோ மாலையை எடுத்தார்கள். பட்டாசுச் சரமும் வண்டியில் இருந்தது. "என்ன மாப்ள நிறுத்திட்டீக, இன்னும் தூரம் கெடக்குல்ல?" என்றபடி சுருளியாண்டி ஏஸிலிருந்து இறங்கி வந்தார். அன்றைக்குத்தான் ராஜபாண்டிக்கு, பிறந்ததிலிருந்து சேர்ந்த கோபம் எல்லாம் வந்தது.

"யாரு ஒங்கள வரச் சொன்னது?"

மாமாவை ஒருமையில் சொல்லவில்லை என்றாலும் அப்படித்தான் இருந்தது குரல்.

"வேணாம் வேணாம்னு எத்தன தடவ சொன்னேன்? ஒண்ணே ஒண்ணு, நானா செஞ்சேன்னு சொல்லிக்க ஒண்ணு, அதையும் விட மாட்டீகளா? தூக்கிட்டாக மாமா. என்னையப் பந்தயத்தவிட்டுத் தூக்கிட்டாக. ஒங்களாலதான்."

மாலை வைத்திருந்தவன் அதை மெல்ல முதுகுக்குப் பின்னால் மறைத்தான். சுருளியாண்டி துண்டைத் தலையிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

கொடுமை என்னவென்றால், அவ்வளவு பேசிய பிறகும் மாமாவை ரோட்டில் நிற்க வைத்துவிட்டுத் தனியாக மிதித்துப் போக அவனுக்கு மனசு வரவில்லை. சைக்கிளை அதே ஏஸில் ஏற்றி, அதே பெட்டிகளுக்கு நடுவே மாமாவுக்கு எதிரே உட்கார்ந்துதான் ராஜபாண்டி வந்தான். ரொம்ப தூரம் கழித்து அவர் கேட்டார்.

"காத்த மறைக்கிறது தப்பா மாப்ள?"

"தப்பு மாமா. விதி இருக்கு."

"ஓட்டுறவுக ஒருத்தர் முதுகுல ஒருத்தர் ஒளிஞ்சுக்கிட்டுத்தானே போனாக. நான் பாத்தேனே. அது தப்பில்லையா?"

"அவுக பந்தயத்துல இருக்கவுக. வெளியாள் செய்யக் கூடாது."

சுருளியாண்டி அதை யோசித்தார். வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது.

"நாங்க வெளியாளா மாப்ள?"

ஆம் என்றாலும் பாவம், இல்லை என்றாலும் பொய். மூன்று வயதிலிருந்து தோளில் தூக்கிப் போட்டு வளர்த்த மனிதர் முன்னால் உட்கார்ந்துகொண்டு, ஐம்பது கிலோமீட்டர் பந்தயத்தில் அவர் யார் என்று விளக்குவது எந்த மருமகனாலும் ஆகாத காரியம்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் திராட்சைப் பெட்டி வரவில்லை. கார்த்திக்ராஜ் போனை எடுப்பதில்லை. கடைக்கு உரம் வாங்க வருகிற ஓடைப்பட்டிக்காரர்கள் பில்லை வாங்கிக்கொண்டு வேறு பேச்சில்லாமல் போனார்கள். "எங்கப்பா சரியா சாப்பிடுறதில்லையாம்" என்று நாகஜோதி சோற்றைப் போட்டுக்கொண்டே சொன்னாள். ராஜபாண்டி பாதிச் சோற்றோடு எழுந்து கையைக் கழுவினான். அவன் கேட்டது ஒரு பந்தயம். கிடைத்தது ஒரு குடும்பச் சண்டை. ஆனாலும் விடிகாலையில் எழுந்து மிதிப்பதை அவன் நிறுத்தவில்லை. நிறுத்தினால் இவ்வளவும் வீணாகப் போய்விடும் என்கிற வீம்பு.

தை பிறந்து கொஞ்ச நாளில் திருநெல்வேலிப் பக்கம் ஒரு பந்தயம் என்று செய்தி வந்தது. ஆசாத்துக்குக் கடையில் கல்யாண சீசன், வர முடியாது. ராஜபாண்டி பெயர் கொடுத்தான். நாகஜோதி அதை ஓடைப்பட்டிக்குச் சொல்லாமல் இருப்பாளா? அன்றைக்குச் சாயங்காலம் மாமாவிடமிருந்து போன் வந்தது. எத்தனையோ மாதம் கழித்து.

"வரணுமா மாப்ள?"

"வேணாம் மாமா."

"சரி" என்று அவர் வைத்துவிட்டார். அவன் வாழ்நாளில் முதல் தடவையாக, வேண்டாம் என்றது வேண்டாம் என்றே போய்ச் சேர்ந்தது. ஏனோ அவனுக்கு அது உறுத்தியது.

சக்கரங்களைக் கழற்றி, சைக்கிளை உரச் சாக்கில் வைத்துத் தைத்து, மூன்று பஸ் மாறினான். ஒவ்வொரு கண்டக்டரிடமும் லக்கேஜ் சண்டை. பந்தயத்தில் காற்று இல்லை, வெயில் இருந்தது. பள்ளத்தாக்கில் காற்றோடு மல்லுக்கட்டிப் பழகியவன், காற்றே இல்லாத சாலையில் வேகத்தை அடக்கத் தெரியாமல் ஆரம்பத்திலேயே தன்னைத் தீர்த்துக்கொண்டான். கூட்டம் கைவிட்டுப் போனது. திரும்பும் முனையில் பின் சக்கரம் பஞ்சர். ரோட்டோரம் உட்கார்ந்து டியூபை மாற்றினான். பின்னால் வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கடந்து போனார்கள். ரோட்டோரத்தில் ஒரு பெரியவர், "பிடிக்கட்டுமாய்யா?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். தொடாதீர்கள் என்று அழாக்குறையாகச் சொன்னான். மீதித் தூரம் முழுவதும் தனியாக, தன்னையும் சாலையையும் அந்த சைக்கிளை விற்ற ஆசாத்தையும் திட்டிக்கொண்டே மிதித்தான். பாதியில் விட்டுவிடலாம் என்று தோன்றாமல் இல்லை. விட்டால் ஏற்றிக்கொள்ள பின்னால் ஒரு வேனும் வந்துகொண்டிருந்தது. அவன் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை.

எல்லைக் கோட்டில் கைதட்ட யாரும் இல்லை. அங்கிருந்தவர்கள் பரிசு கொடுக்கும் பக்கம் போய்விட்டிருந்தார்கள். நாற்காலியில் இருந்த ஒரு பெண் மட்டும் அவன் நம்பரைப் பார்த்து எழுதிக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் முடிவு போனுக்கு வந்தது. முப்பத்தொன்று, ராஜபாண்டி, மார்க்கையன்கோட்டை. அவன் அதை விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தான். காலிரண்டும் கட்டையாகப் பிடித்திருந்தன. இளநீர் குடித்தான். அழுகை வந்தது, அழுதான்.

மறுநாள் வீட்டுக்கு வந்தபோது வாசலில் மாமாவின் செருப்பு கிடந்தது. நாகஜோதி வரச் சொல்லியிருக்கிறாள். சுருளியாண்டி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். கொஞ்சம் இளைத்திருந்தார். கார்த்திக்ராஜ் சுவரோரம் நின்றான்.

"வாங்க மாப்ள. என்ன ஆச்சு?"

ராஜபாண்டி போனை நீட்டினான். அவர் அதைத் தள்ளிப் பிடித்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு படித்தார். மேலிருந்து தேடிக்கொண்டே வந்த விரல் வெகு நேரம் இறங்கிக்கொண்டிருந்தது.

"முப்பத்தொண்ணு" என்றார். "மொத்தம் எத்தன பேரு?"

"முப்பத்தினாலு மாமா."

கார்த்திக்ராஜ் தலையைக் குனிந்துகொண்டான். நாகஜோதி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். சுருளியாண்டியின் முகத்தில் கோபம் இல்லை. மருமகனுக்காக வருத்தம்தான் இருந்தது.

"இதுக்குத்தானா மாப்ள எங்கள வேணாம்னீக?"

"ஆமா மாமா" என்றான் ராஜபாண்டி. "இதுக்குத்தான்."

சுருளியாண்டி இன்னொரு தடவை அந்த வரியைப் படித்தார். இந்தத் தடவை பெயரையும் ஊரையும் வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்தார். பிறகு தன் விரல் பட்ட இடத்தைத் துண்டால் துடைத்து, போனை மருமகன் கையில் கொடுத்தார்.